214/3-க்கு உரிய அதிகாரி

ஜூன் 3, செவ்வாய்

பள்ளி திறந்து இரண்டாம் நாள். வேதியியல் ஆய்வகத்தைத் திறந்ததும் இரண்டு மாதப் புழுக்கம் முகத்தில் அடித்தது. பதினான்கு ப்யூரெட்டில் மூன்று உடைந்து கிடக்கிறது. பூட்டிக் கிடந்த அறையில் யார் உடைத்தது என்று தலைமையாசிரியர் என்னைக் கேட்கிறார். ஆய்வக உதவியாளர் என்றால் பல்லி செய்வதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

மதியம் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஊராட்சி அலுவலகம் போனேன். தம்பி கிருபை மஸ்கட்டிலிருந்து அனுப்பிய வீட்டு வரைபடத்துக்கு அனுமதி வாங்க வேண்டும். ஜூலை பத்தாம் தேதி ஒரு மாத லீவில் வருகிறான். வந்த மறுநாளே அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட வேண்டுமாம். அவன் அங்கே இருப்பதால் அவன் பெயரில் உள்ள பனந்தோப்புக்கு, எங்கள் விளைக்கு, நான்தான் பவர் ஏஜென்ட்.

செயலர் மாசானம் வரைபடத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"யக்கா, இந்த நம்பர்ல கேஸ் பைப்பு போகுதாம்லா. இப்ப நான் அப்ரூவல் குடுத்தா என் தலதான் உருளும்."

மேசைக்கடியிலிருந்து ஒரு செய்தித்தாளை எடுத்தான். நேற்றைய தேதி. கால் பக்கத்துக்கு சர்வே எண்கள். நடுவில் எங்கள் 214/3. நிலத்துக்கடியில் எரிவாயுக் குழாய் பதிக்க உத்தேசித்திருக்கிறார்களாம். குழாய் போகும் பட்டையில் கட்டடம் எழுப்பக் கூடாது, ஆழமாக வேர் விடும் மரம் வைக்கக் கூடாது. ஆட்சேபணை உள்ளவர்கள் இருபத்தொரு நாட்களுக்குள் உரிய அதிகாரியிடம் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.

"உரிய அதிகாரின்னா யாரு?"

"அது எனக்கு எப்படிக்கா தெரியும்? ஊராட்சி ரோட்ட வெட்டுறதுன்னா எங்கிட்ட வருவாவ. மத்தபடி பைப்புக்கு யாரு அனுமதி குடுக்காவன்னு எனக்குச் சொன்னவங்க இல்ல. யூனியன்ல கேட்டுப் பாருங்க."

விளை நீளவாக்கில் கிடக்கும் நிலம், அகலம் குறைவு. நடுவே குழாய் போனால் இந்தப் பக்கம் ஒரு கழிப்பறையும் அந்தப் பக்கம் ஒரு கோழிக்கூடும்தான் கட்டலாம்.

நாள் எண்ணினேன். ஜூன் 23 கடைசி.

ஜூன் 4, புதன்

கிருபை போன் செய்தான். மஸ்கட்டில் வெயில் தாங்க முடியவில்லையாம். இங்கேயும்தான் என்றேன். வைத்துவிட்டான்.

ஜூன் 5, வியாழன்

யூனியன் அலுவலகம். பதினொன்றரை வரை ஆள் இல்லை. வந்தவர் நான் நீட்டிய செய்தித்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் இருந்த நகைக்கடை விளம்பரத்தையும் பார்த்தார்.

"கட்டட அனுமதி சம்பந்தப்பட்டதுன்னா நகர் ஊரமைப்புதான்மா."

"இது கட்டடம் இல்ல சார். பைப்பு."

"பைப்பும் ஒரு கட்டுமானந்தானே?"

அவரே கேட்டுவிட்டு அவரே தலையாட்டிக்கொண்டார். நான் வெளியே வந்தேன்.

ஜூன் 6, வெள்ளி

நகர் ஊரமைப்பு அலுவலகம் மாவட்டத் தலைநகரில் மூன்றாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் பழுது. என்னுடன் இசக்கியப்பன் அண்ணாச்சியும் வந்தார். எங்கள் விளைக்கு அடுத்த முருங்கைத் தோட்டம் அவருடையது. அவர் நம்பரும் பட்டியலில் இருக்கிறது. மூன்று மாடி ஏறி அவருக்கு மூச்சு வாங்கியது. ஒரு பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துச் சொன்னார்:

"நாங்க மண்ணுக்கு மேல வர்றதுக்குத்தான் அனுமதி குடுப்போம். இது மண்ணுக்குக் கீழ."

"கீழ யாரும்மா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"ரோட்டுக்குக் கீழன்னா நெடுஞ்சாலைத் துறை."

நெடுஞ்சாலைத் துறைக்குப் போனோம். குழாய் சாலையைக் குறுக்கே தாண்டும் இடத்துக்கு மட்டும் அவர்கள் அனுமதி தருவார்களாம். ஓடையைத் தாண்டும் இடத்துக்கு பொதுப்பணித் துறையாம். ரோடும் இல்லாமல் ஓடையும் இல்லாமல் சும்மா நிலத்தில் போனால்? "அது எங்க லிமிட் இல்ல."

மூன்றரை மைல் குழாய்க்குத் துண்டு துண்டாக ஆள் இருக்கிறார்கள். என் தம்பி வீடு கட்டும் இடத்துக்கு மட்டும் ஆளில்லை.

பஸ்ஸில் அண்ணாச்சி கேட்டார். "பிப்ரவரில ரெண்டு பயலுவ கையெழுத்து வேணும்னு வந்தானுவள்ளா? நான் போடல. எழுதப் படிக்கத் தெரியாதுன்னுட்டேன். உங்ககிட்ட வந்தானுவளா?"

எங்கள் நிறுத்தம் வந்துவிட்டது. இறங்கினோம்.

ஜூன் 9, திங்கள்

குறைதீர் நாள். கலெக்டர் அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுக்க வாசலில் நான்கு பேர் மேசை போட்டிருக்கிறார்கள். நானே எழுதிக்கொண்டு போயிருந்தேன். கூட்டம் பந்தலைத் தாண்டி நின்றது. வரிசையில் முன்னால் நின்ற பெண் மூன்றாவது முறையாக முதியோர் உதவித்தொகைக்கு வந்திருக்கிறார். அவருடைய மாமியாருக்காம். மாமியார் சித்திரையில் இறந்துவிட்டார். "பொறவு ஏன் வாரீங்க?" என்றேன். "ஆர்டர் வந்துட்டான்னு தெரியணும்லா" என்றார்.

என் முறை வந்தபோது மனுவில் எண் போட்டு ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். "உரிய துறைக்கு அனுப்பப்படும்."

"அந்த உரிய துறை எதுன்னு கேட்டுத்தான் சார் மனுவே."

"அனுப்பப்படும்மா. அடுத்து."

இத்தோடு மூன்று நாள் தற்செயல் விடுப்பு போய்விட்டது. சோடியம் தையோசல்பேட் கரைசல் இன்னும் தயாரிக்கவில்லை.

ஜூன் 11, புதன்

மாசானம் போன் செய்தான்.

"யக்கா, நீங்க கலெக்டர்கிட்ட குடுத்த மனு தாலுகாவுக்கு வந்து, யூனியனுக்கு வந்து, இப்ப நடவடிக்கைக்காக எனக்கு வந்திருக்கு. நான் என்னக்கா நடவடிக்கை எடுக்க?"

போனை வைத்துவிட்டேன். எட்டு நாளில் ஏறாத படி இல்லை. தொடங்கின இடத்துக்கே வந்து நிற்கிறது.

ஜூன் 12, வியாழன்

சாப்பிடும்போது இவர் சொன்னார், "பிப்ரவரில வந்தாவள்ளா, அந்த கம்பெனி ஆளுவ. அவங்கள்ட்ட கேட்டா யாரு அனுமதி குடுக்கான்னு சொல்லிருவாவல்லா?" இவர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். எந்த ஸ்டாப்பில் யார் ஏறினார்கள் என்பதை மறக்கவே மாட்டார்.

எந்த ஆட்களைச் சொல்கிறார் என்று எனக்கு நினைவில்லை. பிப்ரவரியில் கோயிலில் அசனம், சபையின் பொது விருந்து. ஊருக்கே சமையல். யார் யாரோ வந்தார்கள், போனார்கள்.

ரசத்தில் உப்பு அதிகமாம். என்னிடம் சொல்கிறார்.

ஜூன் 13, வெள்ளி

கம்பெனி அலுவலகம் ஒரு மொபைல் கடைக்கு மேலே இருக்கிறது. பிரவீன் சந்தர் என்று ஒரு இளைஞர், மேசை மேல் மூன்று போன். மரியாதையாக நாற்காலி இழுத்துப் போட்டார். பத்து நாள் அலைந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதற்காக அவருக்கு நன்றி.

"மேடம், கலெக்டருக்கோ பஞ்சாயத்துக்கோ இதுல அதிகாரமே இல்ல. இந்த லைனுக்குன்னு தனியா ஒரு அதிகாரிய நியமிச்சிருக்காங்க. துணை ஆட்சியர் அந்தஸ்து. ஆட்சேபணைய அவங்கதான் வாங்கணும், அவங்கதான் விசாரிக்கணும்."

"அப்போ பேப்பர்ல அவங்க பேரும் விலாசமும் ஏன் போடல?"

"மொதல்ல எழுதினதுல போட்டிருந்தோம். அவர் மாறிட்டார், எடுத்துட்டோம். புது ஆளு யாருன்னு முடிவாகறதுக்குள்ள விளம்பரம் போயிடுச்சு." தலையைச் சொறிந்துகொண்டார். "இப்போ பக்கத்து மாவட்டத்துல வசுமதி மேடம்னு ஒருத்தர் கூடுதல் பொறுப்பா பாக்கறாங்க."

விலாசம் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு பதிவேட்டைத் திறந்து, "214/3... உங்களுக்கு எதுக்கு மேடம் ஆட்சேபணை?" என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். மின்விசிறி சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஆராதனையில் மனம் நிற்கவில்லை. பாவ அறிக்கை ஜெபத்தின்போது உரக்கச் சொன்னேன், எப்போதும்போல.

இது என் நோட்டு, வேறு யாரும் படிக்கப் போவதில்லை. எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரியில் அசனத்துக்கு முந்தின நாள் கோயில் வளாகத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம், இருபது பெண்கள் இருப்போம். இரண்டு பேர் வந்து என் பெயரைக் கேட்டார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனேன். ஒருவர் அட்டையில் வைத்து ஒரு படிவம் நீட்டினார். சர்வே செய்யச் சம்மதம் வேண்டும் என்றார். கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை. படிக்க நேரம் எங்கே இருந்தது? கண்ணெல்லாம் வெங்காயம். கட்டடம் கட்டக் கூடாது என்பதெல்லாம் ஏழாவது வரியில், பொடி எழுத்தில் இருந்தது.

அவ்வளவுதான். படித்த பெண் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உலகத்தில் யாரும் செய்யாததா?

கிருபையிடம் சொல்ல வேண்டும். ஆட்சேபணை கொடுத்து எல்லாம் சரியான பிறகு சொல்லலாம்.

ஜூன் 18, புதன்

கடைசியில் உரிய அதிகாரியின் அலுவலகத்தைப் பார்த்தேன். இரண்டு பஸ் மாறி, ஒரு பழைய வாடகை வீட்டின் பின்கட்டில். பெயர்ப்பலகை இல்லை. எதிர்க் கடையில் கேட்டதற்கு, "கேஸ் ஆபீஸா? சிலிண்டர் இங்கன புக் பண்ண மாட்டாவளே" என்றார்கள்.

வசுமதி மேடம் புதன்தோறும் வருவாராம். இன்று புதன், ஆனால் வரவில்லை. ஒரு கிளார்க் இருந்தார். இசக்கியப்பன் அண்ணாச்சியின் மனுவை வாங்கி சீல் வைத்து நகல் கொடுத்தார். அண்ணாச்சி அந்த நகலை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டார்.

என் மனுவை வாங்கி ஒரு கோப்பைப் புரட்டினார்.

"214/3-க்கு பவர் ஏஜென்ட் சம்மதம் குடுத்திருக்காங்களேம்மா. இந்தக் கையெழுத்து நீங்க போட்டதுதானே?"

"ஆமா."

"சம்மதம் குடுத்த கையே ஆட்சேபணையும் குடுத்தா நான் எதைப் பதிய? நில உரிமையாளர் யாரு?"

"தம்பி. வெளிநாட்டுல இருக்கான்."

"அப்போ அவரு கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் குடுக்கச் சொல்லுங்க. திங்கக்கிழமைக்குள்ள."

வெளியே வந்ததும் அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "போட்டுட்டீங்களோ" என்றார். அதட்டிக் கேட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார். திரும்பும் வழியெல்லாம் முருங்கை விலையைப் பற்றியே பேசினார்.

ஜூன் 19, வியாழன்

கிருபையிடம் சொன்னேன். படிக்காமல் போட்டுவிட்டேன் என்று சொன்னேன்.

"விடுக்கா. நீ படிக்காமத்தானே போட்ட. நான் வீட்டுக்குப் பக்கத்துலயா இருக்கேன், எல்லாத்தையும் உன் தலைல கட்டிட்டு" என்றான். நான் பத்து ஊர் அலைந்ததைக் கேட்டு வருத்தப்பட்டான். "காலுக்கு எண்ணெய் போடு" என்றான்.

திட்டியிருக்கலாம்.

ஜூன் 23, திங்கள்

கடிதம் மெயிலில் வந்தது. அச்செடுத்து நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றே முக்காலுக்கு சீல் விழுந்தது. மெயிலில் வந்த கையெழுத்து செல்லுமா என்று அந்த கிளார்க்குக்கு சந்தேகம். யாரைக் கேட்க வேண்டும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

ஜூலை 2, புதன்

விசாரணை நோட்டீஸ் வந்தது. ஜூலை 16, காலை பதினொரு மணி. நில உரிமையாளரும் பவர் ஏஜென்ட்டும் நேரில் வர வேண்டும்.

உதவியாளர்கள் இந்த ஆண்டு இதற்கு மேல் தற்செயல் விடுப்பு எடுத்தால் தனக்கு விளக்கம் வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். "கேஸ் லைன்" என்றேன். "ஆய்வகத்துக்கா?" என்றார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் பூரித்துப் போயிருப்பார்.

ஜூலை 10, வியாழன்

கிருபை வந்துவிட்டான். மெலிந்திருக்கிறான். எனக்கு ஒரு மிக்ஸி, இவருக்குக் கைக்கடிகாரம். சாப்பிட்ட கையோடு விளைக்குப் போனான். நான் போகவில்லை. திரும்பி வந்து, எந்தெந்த அறை எங்கே வரும் என்று செங்கல் துண்டு வைத்துக் குறித்துவிட்டு வந்ததாகச் சொன்னான். குழாய் எங்கே வருகிறது என்று அங்கே ஒரு மஞ்சள் கல் நட்டிருக்கிறார்களாம். "ஹால்ல சோபா போடுத இடத்துலக்கா" என்று சிரித்தான்.

ஜூலை 16, புதன்

நேரமெடுத்து எழுதுகிறேன்.

வசுமதி மேடம் ஐம்பது வயதுக்காரர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பேசுகிறவர். முதலில் இசக்கியப்பன் அண்ணாச்சியைக் கேட்டார். குழாயைத் தோட்டத்தின் கிழக்கே ஓடைப் புறம்போக்கு வழியாகக் கொண்டுபோனால் தன் முருங்கையும் பிழைக்கும், பக்கத்து விளையும் பிழைக்கும் என்று அண்ணாச்சி சொன்னார். ஒரு சிகரெட் அட்டையில் வரைந்து கொண்டுவந்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது என்று சொன்ன மனுஷன் வரைபடத்தில் திசை, அளவு எல்லாம் போட்டிருந்தார்.

அடுத்து எங்கள் முறை. பிரவீன் சந்தருடன் கம்பெனி வக்கீல் ஒருவர் வந்திருந்தார். என் படிவத்தை எடுத்து வாசித்தார். கீழே "படித்துப் பார்த்து, புரிந்துகொண்டு, சம்மதிக்கிறேன்" என்று அச்சடித்திருந்தது. அதன் கீழே என் கையெழுத்து. அதன் பக்கத்தில் என் கையாலேயே எழுதியிருந்தேன், "உரிமையாளர்" என்று.

கிருபை அதை எட்டிப் பார்த்தான்.

"ஆய்வகத்துல வேலை பாக்கறவங்க," என்றார் வக்கீல், "படிக்காம போட்டேன்னு சொல்றத நம்ப முடியுமா?"

மேடம் கண்ணாடியை இறக்கினார். "நீங்க சொல்லுங்கம்மா. படிச்சீங்களா, இல்லையா?"

இல்லை என்று சொல்லத்தான் போயிருந்தேன். தம்பியும் அதைத்தான் எழுதிக் கொடுத்திருந்தான், என் சகோதரி படிக்காமல் கையெழுத்திட்டுவிட்டார் என்று. ஒரே ஒரு சொல். பக்கத்தில் அவன், செருப்பு காலில் கடித்ததால் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றான். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் என்ன சொல்வேன் என்பதில் அவனுக்கு அவ்வளவு நிச்சயம்.

"படிச்சேன்" என்றேன்.

"எல்லாத்தையுமா?"

"எல்லா வரியும். கட்டடம் கட்டக் கூடாதுங்கற வரியையும்."

வக்கீல் பேனாவை மூடினார். கிருபை இப்போது திரும்பினான். நான் மேடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேடம் பவர் பத்திரத்தைக் கேட்டு வாங்கி, நின்று நிதானமாகப் படித்தார். பிறகு சொன்னார்: "இதுல விளைய பராமரிக்கவும், வீட்டுக்கு அனுமதி வாங்கவும் மட்டும்தான் இவங்களுக்கு அதிகாரம். நிலத்துல இன்னொருத்தருக்கு உரிமை குடுக்க அதிகாரம் இல்ல. படிச்சாலும் படிக்காட்டாலும் இந்தச் சம்மதம் செல்லாது. தவிர, படிவத்தை என் அலுவலகத்துக்கு எழுதாம கலெக்டருக்கு எழுதி வாங்கியிருக்கீங்க." பிரவீனைப் பார்த்தார். "உங்களுக்கே யாரு அதிகாரின்னு தெரியல, இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஓடைப் பக்கமாகக் குழாயை மாற்ற முடியுமா என்று மூன்று வாரத்தில் கம்பெனி அறிக்கை கொடுக்க வேண்டும். அது வரை இரண்டு நம்பரிலும் வேலை கூடாது.

நான் பொய் சொல்லியிருந்தாலும் இதே தீர்ப்புதான் வந்திருக்கும். அது எனக்கு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

பஸ்ஸில் கிருபை அண்ணாச்சியுடன் உட்கார்ந்துகொண்டான். நான் முன்னால் பெண்கள் இருக்கையில்.

ஜூலை 17, வியாழன்

பேசவில்லை. இட்லி நான்கு சாப்பிட்டான். தட்டை அவனே கழுவி வைத்தான்.

ஜூலை 19, சனி

பேசவில்லை. இவர் இருவருக்கும் நடுவே உட்கார்ந்து தினமும் கலெக்‌ஷன் குறைந்த கதையைச் சொல்கிறார். வீட்டில் ஒரு ஆள் பேசாவிட்டால் இன்னொரு ஆள் எவ்வளவு பேச வேண்டியிருக்கிறது!

ஜூலை 21, திங்கள்

சார்பதிவாளர் அலுவலகம். பவரை ரத்து செய்ய வேண்டும் என்று நேற்று மாலை கிருபை இவரிடம் சொன்னான். என்னிடம் அல்ல. நானும் வரவேண்டியதில்லையாம். நானாகத்தான் போனேன்.

டோக்கன் முப்பத்தேழு. மரத்தடி பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். இருபத்தாறு கூப்பிடும்போது கேட்டான்.

"ஏன்க்கா?"

என்னென்னவோ சொல்லத் தயாராக வைத்திருந்தேன். உள்ளதைத்தான் சொன்னேன். அந்த ஆள் வேப்பமரத்தடியில் அட்டையை நீட்டிக் கேட்டான், "நீங்கதான் ஓனரா மேடம்?" என்று. அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆமாம் என்றேன். சொன்ன பிறகு இல்லை என்று மாற்ற வாய் வரவில்லை. படித்தேன். ஏழாவது வரிக்கு வந்தபோது, கட்டக் கூடாது என்றால் கட்டாமல் இருக்கட்டுமே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அந்த ஒரு நிமிஷத்தில்தான் கையெழுத்துப் போட்டேன்.

"அப்பா எல்லாத்தையும் உனக்கு எழுதினாவ. எனக்குக் கல்யாணத்துல செஞ்சாச்சுன்னுட்டாவ. இருபது வருஷம் ஆச்சு. பனை ஏறுத ஆளுக்கு நான் சொல்லுதேன், வேலிக்கு முள்ளு நான் போடுதேன், தண்ணி நான் பாய்ச்சுதேன். ஒருத்தனும் என்ன ஓனரான்னு கேட்டதில்ல."

அவன் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ கேட்டிருந்தா குடுத்திருப்பேம்லாக்கா."

"கேக்காமலே குடுக்கணும்லா."

முப்பத்தேழு கூப்பிட்டார்கள். உள்ளே போய் இருவரும் விரல் ரேகை வைத்தோம். என் விரல் பதியவில்லை. அமிலத்தில் தேய்ந்துவிட்டது. மூன்று தடவை வைத்த பிறகு மெஷின் ஒத்துக்கொண்டது.

ஆகஸ்ட் 6, புதன்

உத்தரவு வந்தது. குழாய் ஓடைப் புறம்போக்கு வழியாகத் திருப்பப்படுகிறது. 214/3 பட்டியலிலிருந்து நீக்கம். அண்ணாச்சியின் நம்பரும் நீக்கம். அவர் ஒரு கட்டு முருங்கைக்காயை வாசலில் வைத்துவிட்டுப் போனார். கிருபை வெளியே ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

உத்தரவைப் படித்துவிட்டு மேசை மேல் வைத்தான். நான் எடுத்துப் படிப்பேன் என்று அவனுக்குத் தெரியும். நானும் அவன் குளிக்கப் போகும் வரை காத்திருந்து படித்தேன். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இப்படி.

நாளை மறுநாள் அவனுக்கு விமானம். வானம் தோண்ட நாள் இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

விமானம் பிடிக்க ரயிலில் போகிறான். ரயில் நிலையம் வரை இவரும் நானும் போனோம். "மாசானம்ட்ட பிளான இன்னொரு தடவ குடுக்கணும்" என்றான். யார் கொடுப்பது என்று சொல்லவில்லை. ரயில் கிளம்பும்போது கை காட்டினான். எனக்கா, இவருக்கா என்று தெரியவில்லை. இருவரும் பதிலுக்குக் காட்டினோம்.

ஆகஸ்ட் 20, புதன்

பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை பிப்பெட்டை வாயால் உறிஞ்சி நாக்கைச் சுட்டுக்கொண்டாள். தண்ணீர் ஊற்றி, கத்தி, அழவைத்து, கடைசியில் நானே அவளுக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். தலைமையாசிரியர் விளக்கம் கேட்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 27, புதன்

கூரியரில் மஸ்கட்டிலிருந்து ஒரு உறை. தூதரக முத்திரையோடு ஒரே ஒரு தாள்.

"சர்வே எண் 214/3-ல் வீடு கட்ட ஊராட்சியில் அனுமதி பெறும் இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் என் அக்கா பியூலாவுக்கு அதிகாரம் அளிக்கிறேன்."

அந்த "மட்டும்" என்ற சொல்லின் மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. ஒரு காரியத்துக்கு மட்டுமாம்! பைப் அல்லாமல், வேலி அல்லாமல், தண்ணீர் அல்லாமல். முள் போட இன்னும் நான்தான் போக வேண்டும், அதற்கு எந்த அதிகாரமும் வேண்டாம் போலிருக்கிறது. தாளை மேசையில் போட்டுவிட்டு வாளித் துணியை எல்லாம் துவைத்தேன். துவைத்தும் ஆறவில்லை. வந்து மறுபடி எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. அந்தத் தாளில் சொத்து விவரம், பட்டா எண், எல்லைகள் எல்லாம் டைப் செய்திருந்தது. "என் அக்கா" என்ற இடத்தை மட்டும் டைப் செய்தவர் "திருமதி" என்று போட்டிருந்திருக்கிறார். அதை அடித்துவிட்டு அவன் கையால் எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்திருக்கிறான்.

சாயங்காலம் போன் வந்தது.

"தாள் வந்துச்சா?"

"வந்துச்சு."

"படிச்சியா?"

"படிச்சேன்."

"எல்லா வரியுமா?"

"எல்லா வரியும்."

அந்தப் பக்கம் லாரி ஒன்று பின்னால் வரும் சத்தம் கேட்டது. அவன் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. நாளைக்கே மாசானத்திடம் போகிறேன் என்றேன். சரி என்றான். பிறகும் வைக்கவில்லை.

பிப்ரவரியில் அசனத்துக்கு வருவானா என்று கேட்க நினைத்தேன். வர முடியாது என்றுதான் சொல்வான், லீவெல்லாம் தீர்ந்துபோயிற்று, எதற்குக் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

கேட்டேன்.

"லீவு கெடச்சாப் பாக்கலாம்க்கா" என்றான். மாட்டேன் என்று சொல்லவில்லை.